ரெண்டு சுத்து

உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற காயிலோவர் சஸ்பென்ஷனை மாட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கிய நாளிலிருந்து தயாளனுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வேகத்தடை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் மனைவி வாசுகியைப் பார்ப்பான். அவள் இறங்க வேண்டும். ஆள் கனம் குறைந்தால்தான் அடிப்பாகம் இடிக்காது. மேட்டைத் தாண்டி நிற்கும் காருக்கு அவள் நடந்து வந்து ஏறிக்கொள்வாள். பட்டுப்புடவையோடு இறங்கியிருக்கிறாள், கொட்டுகிற மழையில் இறங்கியிருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம்.

"ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து ஏத்தினா போதும்னு மெக்கானிக்கே சொன்னாருங்க."

"ஏத்தினா லாரி மாதிரி நிக்கும். ஆறு மாசம் தேடி எடுத்த செட்டு இது. இறங்கு, பின்னால பஸ்காரன் கத்தறான்."

இறங்கினாள். வழக்கமாக இருக்கையிலேயே விட்டுப்போகும் கைப்பையை அவள் எடுத்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். சின்ன உரசல்கூட இல்லை. அதைச் சொல்லும் ஆசையில் எட்டி இடது கதவைத் திறந்துவிட்டான்.

அவள் கதவைத் தாண்டி நடந்தாள். அவன் முதல் கியரில் கூடவே ஊர்ந்தான்.

"ஏறு வாசுகி, எல்லாரும் பாக்கறாங்க."

அடுத்த வேகத்தடையில், வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, அவள் ஏறி இறங்கிப் போனாள். அதன் முன்னால் அவன் பிரேக்கை மிதித்தான். அவள் தெருமுனையில் திரும்பியபோது, எந்தச் சக்கரத்தை முதலில் ஏற்றுவது என்று அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.