பளபளத்த குடம்

ஒரு சிட்டிகை அமினோ பொடி விழுந்ததுமே டம்ளரில் இருந்த தண்ணீர் நீலமானது. கடை நடத்தும் சுடர்க்கொடி பதறி எட்டிப் பார்த்தாள்.

2071-இல் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கு அந்தப் பொடிதான் எமன். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைக் கவ்விப் பிடித்து நிறம் காட்டிவிடும். நிறம் வந்தால் கடைக்கு ஆறு மாதம் சீல்!

"நீலம்னா செம்பும்மா," என்றார் சோதனைக்கு வந்திருந்த அதிகாரி எபனேசர், சீல் எடுக்கப் பையைத் திறந்தபடி. "உங்க குழாய்த் தண்ணி கெட்டுப்போச்சு."

செம்பா? சுடர்க்கொடி சட்டென்று, டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிய மேஜைமேல் இருந்த செப்புக் குடத்தைப் பார்த்தாள். நேற்றுவரை கறுத்துக் கிடந்த குடம், இன்று கண்ணைப் பறித்தது.

"ஏங்க, இதை எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"புளிதான். ஆபீசர் வர்றாரேன்னு நேத்தே உள்பக்கமும் தேய்ச்சேன்," என்றான் கணவன் மாசிலாமணி பெருமையாக.

"அப்புறம் கழுவினீங்களா?"

"கழுவினா பளபளப்பு போயிடாதா? புளியோடயே தண்ணி பிடிச்சு வெச்சுட்டேன்."

"நல்ல மனுஷன் போங்க! புளி செம்பையே கரைச்சிருக்கு!"

அவள் பாய்ந்துபோய்க் குழாயிலிருந்து நேராக ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள். "சார், இதுல போட்டுப் பாருங்க."

பொடி விழுந்தது. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... தண்ணீர் பளிங்காகவே இருந்தது.

எபனேசர் சிரித்துக்கொண்டே பையை மூடினார். "சரி, இலையைப் போடுங்க. பசிக்குது."

"தண்ணி வைக்கட்டுமா சார்?" மாசிலாமணி ஆசையாகக் குடத்தைத் தூக்கினான்.

"யோவ், குழாய்லேர்ந்து பிடிச்சு வைய்யா!"