அம்மா பெயர் மட்டும்

"எவனோ வேணும்னே செஞ்சிருக்கான் சார்! கல்லுல அப்பா பேரு அப்படியே இருக்கு. அம்மா பேரை மட்டும் கொத்தி எடுத்திருக்கான்!"

கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் அண்ணன் தாம்தூமென்று குதித்தான். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதறாதீங்க, புகார் எழுதிக்கிறேன்" என்றார் மேலாளர். "அம்மா தவறி எவ்வளவு நாளாச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வந்து... அம்மா வீட்லதான் இருக்காங்க." அண்ணனின் குரல் இறங்கியது. "அப்பாவுக்குக் கல் வைக்கும்போதே, பின்னாடி அலைய வேண்டாமேன்னு அவங்க பேரையும் சேர்த்து வெட்டச் சொல்லிட்டோம்."

மேலாளர் பேனாவை மூடினார். "அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. முட்டி வலியோட எதுக்குன்னு இங்க கூட்டிட்டு வந்ததே இல்ல" என்றாள் தங்கை.

"போன வாரம் ஒரு அம்மா கைத்தடியை ஊன்றிக்கிட்டுத் தனியா வந்தாங்க. வீட்டுக்காரர் கல்லுல ஒரு தப்பு இருக்கு, திருத்தணும்னு சொன்னாங்க. உளியும் சுத்தியலும் நான்தான் கொடுத்தேன்."

அண்ணன் தலை நிமிரவில்லை.

"திருப்பிக் கொடுக்கும்போது ஒண்ணு சொன்னாங்க" என்றார் மேலாளர். "'வெளிய சொல்லிடாதீங்க தம்பி, என் பிள்ளைங்களை நாலு பேர் தப்பா பேசுவாங்க'ன்னு."