ஊர் ஆப்பம்

நல்லம்மாள் கள்ளுக்கடை வாசலில் நின்றதைப் பியாட்ரிஸ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

பாசாரில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும் வழி. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னச் செம்போடு நின்றாள் நல்லம்மாள். செம்பு நிறைந்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

பியாட்ரிஸ் நடுவழியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கை சுட்ட ஆப்பத்தைத்தானே இரண்டு மாதமாகத் தின்றுகொண்டிருக்கிறாள்!

கப்பலேறி ஈப்போவுக்கு வந்து ஐந்து மாதம். கணவன் ஆம்புரோஸுக்கு ரயிலில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. விடியுமுன் போனால் விளக்கு வைத்துத்தான் வருவான். சில நாள் சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலேயே தங்கிவிடுவான். வரிசையாக ரயில்காரர் வீடுகள். எல்லா வாசலிலும் ஆள். ஆனால் அவளோடு பேசத்தான் ஒருவருமில்லை. பகலெல்லாம் சுவர்ப் பல்லியோடு குடித்தனம்.

அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் அவள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா சுட்டுத் தரும் ஆப்பம் ஒன்று கிடைத்தால் போதும். நடுவில் பஞ்சு, ஓரத்தில் வலை, நாக்கில் லேசாய் ஒரு புளிப்பு. மாவு கரைக்கும்போது அம்மா யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டாள். பக்குவம் தெரியாமலே கல்யாணமாகி வந்துவிட்டாள் மகள். எழுதிக் கேட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஈப்போவில் தேடாத இடமில்லை. ஒன்று வறட்டியாக இருந்தது. இன்னொன்று தோசைக்குத் தங்கச்சி.

தோட்டத்து வேலையை விட்டு வந்து, குழாயடியில் அடுப்புப் போட்டு ஆப்பம் விற்றாள் நல்லம்மாள். அவள் சுட்டதும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. ஒரு வாய் வைத்ததும் பியாட்ரிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன ஆத்தா, கல்லுக் கெடந்துச்சா?"

"இல்லக்கா. எங்க ஊர்ல வேற மாதிரி இருக்கும்."

"வேற மாதிரின்னா? சொல்லு லா, கேப்போம்."

சொன்னாள். கப்பலேறிய நாளிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் அன்று பேசித் தீர்த்தாள். ஆப்பத்திலிருந்து அம்மாவுக்குப் போனது பேச்சு.

"எங்கம்மான்னா ஊரே எந்திரிச்சு நிக்கும்க்கா. பொம்பளைங்களக் கோவில்ல நிறுத்தி, 'கள்ளுன்னா கையாலகூடத் தொடமாட்டோம்'னு சத்தியம் வாங்கினதே அவங்கதான். எங்க வீட்டுக்குள்ள அந்த வாடையே வந்ததில்ல."

"பெரிய மனுசிதான்" என்றாள் நல்லம்மாள்.

ஒரு வாரம் கழித்து, "இதத் தின்னு பாரு" என்று இலையில் ஒன்றை எடுத்து வைத்தாள்.

அதே பஞ்சு. அதே புளிப்பு. பியாட்ரிஸ் மறுபடியும் அழுதாள்.

"நல்லா இருந்தாலும் அழுவுறே, நல்லா இல்லாட்டியும் அழுவுறே. ஒனக்கு எதச் சுட்டுப் போடுறது?"

அன்றிலிருந்து தினமும் காலையில் குழாயடிதான். ஆப்பம் இரண்டு, பேச்சு ஒரு மணி நேரம். அந்த ஊரில் அவளைத் தேடும் ஒரே ஆள் நல்லம்மாள்.

அவளா கள்ளுக்கடையில்!

மறுநாள் கேட்டே விட்டாள்.

"அக்கா, நேத்து உங்கள அந்தக் கடையில பாத்தேன். யாருக்கு வாங்குனீங்க?"

மாவு ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. நல்லம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத்தான். ஒடம்பு வலிக்கு."

பியாட்ரிஸ் தின்ற பாதியை இலையோடு கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பெரிய கிராணியின் மனைவி பெட்ரீசியாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அன்றுதான் பெட்ரீசியா முதல்முதலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தனியா எப்படிம்மா பொழுது போவுது?" என்று கேட்டிருந்தாள்.

"குடிகாரி சுட்டதையா நாம தின்னோம்! தோட்டக்காட்டுப் புத்தி எங்க போவும்?" என்றாள் பெட்ரீசியா.

ஒரே வாரம். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் நல்லம்மாளின் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்ரீசியா வீட்டில் பியாட்ரிஸை மூன்று நாள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கள்ளுக்கடைக் கதை தீர்ந்ததும் கூப்பிடுவதும் தீர்ந்தது. மறுபடியும் பல்லிதான்.

அப்போதுதான் அம்மாவின் கடிதம் வந்தது.

'ஆப்பத்துக்குப் பக்குவம் கேட்டிருந்தாய். பச்சரிசி மாவில் அரை ஆழாக்குக் கள்ளு விட்டுக் கரைத்து வை. இங்கே நான் பனங்கள்ளு விடுவேன். அங்கே தென்னங்கள்ளுதான் கிடைக்கும் என்கிறார்கள், அதுவும் ஆகும். நீயும் குடும்பக்காரி ஆகிவிட்டாய் என்றுதான் எழுதுகிறேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. வாசித்ததும் கிழித்துப் போடு.'

பியாட்ரிஸ் கதவைக்கூடச் சாத்தாமல் குழாயடிக்கு ஓடினாள்.

நல்லம்மாள் ஆப்பச்சட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"செமோருக்கு. பழைய தோட்டத்துக்கே போறேன். இங்க அடுப்பு மூட்டி என்ன செய்ய?"

"மாவுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா! ஏன் எனக்குத்தான்னு பொய் சொன்னீங்க?"

நல்லம்மாள் சாக்கு முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க எங்க தோட்டத்துல இருக்காங்க. போய்க் கேட்டேன். கள்ளு விடாம அந்தப் பஞ்சு வராதுன்னாங்க. மாவுக்குன்னு ஒங்கிட்டச் சொன்னா, உங்கம்மாவும் அதத்தான் விட்டாங்கன்னு தெரிஞ்சிருமே ஆத்தா! கடல் தாண்டி வந்து தனியாக் கெடக்குற புள்ள, பெத்தவளப் பத்தின பெருமை ஒண்ணத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறே. அதையும் நான் புடுங்கலாமா?"