பெண்கள் உட்கார்ந்தால் திறக்கும் மேசை

என் கணவர் சுட்ட தோசையின் வாசனைக்கு ஒரு விமானமே எங்கள் மொட்டைமாடிக்கு மேல் நின்று போனது. நாத்தனார் கோமளவல்லி நம்பவில்லை. "எங்கண்ணனா? போங்கண்ணி" என்றவள், நேரில் பார்க்கவே வந்தாள்.

எங்கள் புதுச் சாப்பாட்டு மேசையருகே வீட்டுப் பெண் ஒருத்தி உட்காராமல் நின்றாலும், அதன்மேல் இருக்கும் சாம்பார், சட்னி மூடி திறக்காது. கல்யாணமான நாளிலிருந்து கடைசியில் ஆறிய தோசை தின்ற எங்களுக்கோ உட்காரவே வரவில்லை. கோமளவல்லி தண்ணீருக்கு எழுந்தாள்; மூடிக்கொண்டது. நான் ஊறுகாய்க்கு எழுந்தேன், மூடிக்கொண்டது. பசியில் கூடத்தையே தேய்த்து நடந்த என் கணவர் என்னிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினார்.

"ரெண்டு பேரும் எந்திரிக்காதீங்க. நானே சுடறேன்."

முதல் தோசை கோமளவல்லி தட்டில் விழுந்தது. ஓரமெல்லாம் கருகல். பிய்த்து வாயில் போட்டவள் வெகுநேரம் மென்றாள்.

"எங்கண்ணன் சுட்டது நிஜம்தான் அண்ணி. நாக்கு சுடுது."