ஆறாவது விரலுக்கு ஒரு மோதிரம்

பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தபோதே, "விரலைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க சிஸ்டர், கைக்கு உறை போட்டுக் குடுங்க" என்று செண்பகம் கெஞ்சிவிட்டாள். மூத்தவள் அகல்யா கைக்கு ஆறு விரலோடு பிறந்தபோது ஊரே அதிர்ஷ்டம் என்றது. தாய்மாமன் அந்த ஆறாவது விரலுக்கும் ஒரு மோதிரம் போட்டார். பிறகு பொழுது சாய்ந்தாலே அவளுக்குக் கண் தெரியவில்லை. உடம்பு ஊதிக்கொண்டே போனது. போன வருடம் சிறுநீரகமும் கெட்டது. எல்லாம் பிறவியிலேயே வந்த ஒரே நோய், அந்த விரல்தான் முதல் அடையாளம் என்ற டாக்டர், "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று கேட்டார்.

கணவன் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். "உறையக் கழட்டிப் பாரேன்."

"நீங்களே பாருங்க அத்தான்."

அவன் மறுபடியும் ஜன்னலுக்குப் போனான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அகல்யா சுவரைத் தடவிக்கொண்டே கட்டிலருகே வந்தாள். யாரும் தடுப்பதற்குள் தம்பியின் உறையை உருவிவிட்டு, விரல் விரலாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி விரலில் அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா, தம்பிக்கும் ஒரு மோதிரம் வேணும்னு மாமாகிட்ட சொல்லும்மா."