கண்ணை உறுத்தும் பக்கம்

ஆஸ்பத்திரி வெப்சைட்டுக்குப் புது டெம்ப்ளேட் போட்டதிலிருந்து, போனிலேயே டிசைனரின் உயிரை வாங்கினார் ஒரு பெரியவர். "பழையபடியே மாத்திடும்மா!"

நிறத்தை மாற்றினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். மனுஷன் மசியவில்லை. கடைசியில் லேப்டாப்போடு அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"அப்படி என்னதான் சார் கண்ணை உறுத்துது?"

கதவைத் திறந்தவர் சுவரைத் தடவித் தடவி நாற்காலியைப் பிடித்தார்.

"பார்வை போய் நாளாச்சும்மா. எந்த பட்டன் எங்கேன்னு விரலுக்கு மனப்பாடம். நீ இடத்தை மாத்தினது தெரியாம, என் வீட்டுக்காரியோட ஆபரேஷன் தேதியை உறுதி பண்றதா நினைச்சு ரத்து பண்ணிட்டேன். இனி எப்போ கிடைக்குமோ..."

அவள் லேப்டாப்பைத் திறந்து பழைய டெம்ப்ளேட்டைத் தேடினாள்.

உள்ளே கட்டிலிலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல் வந்தது.

"அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. நான்தான் அப்புறம் அந்தப் பக்கத்தைப் பார்த்தேனே, அழகாத்தான் பண்ணியிருக்கா."