இறங்காத வலை

கார் பந்தயத் திடலின் வேலியோரம் தொபியாஸின் மனைவி லூர்து, மெக்கானிக் ஏகாம்பரம், நான். நீள்வட்டப் பாதையில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவன் தொபியாஸின் தம்பி பெனடிக்ட். அவன் காரில் பெட்ரோல் தீரப்போகிறது. இன்னும் இரண்டே சுற்று. அப்போது பின்னால் வந்த தொபியாஸின் கார் சுவரில் மோதி நின்றது. மஞ்சள் கொடி காட்டினார்கள். இனி யாரும் முந்தாமல் மெதுவாகச் சுற்றவேண்டும். மோதியவன் நலமாக இருந்தால், அதற்கு அடையாளமாக ஜன்னலில் மாட்டியிருக்கும் வலையின் கொக்கியை அவிழ்த்து இறக்கிவிடுவான். வலை இறங்கவில்லை. மீட்பு வண்டி எதிர்க்கோடியிலிருந்து வரவேண்டும்.

“கொக்கி சிக்கியிருக்கும்க்கா” என்றான் ஏகாம்பரம். லூர்து வேலிக்கம்பியை விடவில்லை.

பெனடிக்ட் காரை உருட்டிக்கொண்டே எல்லையைக் கடந்து ஜெயித்தான். பிறகுதான் வலை இறங்கியது. தொபியாஸ் கீறலில்லாமல் ஜன்னல் வழியே வெளியேறி எங்களிடம் வந்தான்.

“வலைய எறக்கியிருந்தா பச்சக்கொடி காட்டி மறுபடி பந்தயத்த விட்டிருப்பாங்க. வேகமா ஓட்டத் தம்பிக்கு எங்க பெட்ரோல்?” என்று சிரித்தான்.

“ஒங்க கைக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டாள் லூர்து.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப போங்க. தம்பியத் தூக்கிட்டு ஆடுங்க.”

லூர்து, தானும் தொபியாஸும் தங்கும் வேனில் ஏறிக் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள்.